பவித்ராவுக்கு ஓர் இடம்

அன்புள்ள கௌசிக்கு,

நேற்று நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். அதில் எனக்குக் கோபமில்லை. நானும் கத்தினேன், நீயும் கத்தினாய். இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை. உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்லவே முடியாமல் போய்விட்டது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மத்தியானச் சோறு தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். அவர்களுடைய அம்மாமார் மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது விழித்து அழுதால் எழுந்து போவேன், தூங்கவைத்துவிட்டு வந்து தொடர்வேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாளை அழுத்திப் பிடிக்க வேண்டிய இடது கைக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை, மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

உன் மாமா மகள் பவித்ராவை உன் சனிக்கிழமை வகுப்பில் சேர்க்கமாட்டேன் என்கிறாய். காரணம் கேட்டேன். "முப்பது பிள்ளைங்க இருக்காங்கம்மா. அந்த ஆளு திரும்ப வந்து கல்லைத் தூக்குனா யாரு பொறுப்பு? நீங்களா?" என்றாய். கேள்வி நியாயமானது. அதை நான் தட்டிவிடமாட்டேன். ஆனால் நீ பாதி விஷயத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறாய். மீதிப் பாதி இத்தனை வருடமாக என்னிடம் இருந்தது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று உன் மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவனே சொல்லச் சொல்லிவிட்டான். அதைக் கேட்டபிறகும் நீ வேண்டாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் மாமா செல்வம் நான் தூக்கி வளர்த்த பையன். எங்கள் அம்மா மலேரியாக் காய்ச்சலில் போனபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. நான்தான் அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், நான்தான் அடித்தும் வளர்த்தேன். பள்ளிக்கூடம் போகாமல் ஆற்றில் குதித்துவிட்டு வந்த ஒரு நாள், கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சியை எடுத்து அவன் கெண்டைக்காலில் விளாசினேன். அவன் அழவில்லை. மிலாறு முறிந்ததும் இன்னொன்றை அவனே பொறுக்கி வந்து கையில் கொடுத்தான். அப்படி ஒரு பிறவி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அன்பும் அடியும் தனித்தனியாக வந்ததே இல்லை. அப்பா எங்களை அடித்தார், நான் அவனை அடித்தேன், அவன் பக்கத்து லயத்துப் பையன்களை அடித்தான். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைக்க எங்களில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அவன் உன்னை எப்படி வைத்திருந்தான் என்பதும் உனக்குத் தெரியும், இப்போது மறக்கப் பார்க்கிறாய். நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது மலைப்பாதையில் குளவி கலைந்தது. பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தீர்கள். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு உருண்டார்கள். மாமா கீழே ரோட்டில் லொறிக்கு மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லோரும் கீழ்நோக்கி ஓடினார்கள், அவன் மட்டும் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு மேல்நோக்கி ஓடினான். உன்னைச் சாக்குக்குள் சுருட்டி, தண்ணி ஓடுகிற கானுக்குள் போட்டு, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். நாங்கள் போய்ப் பார்த்தபோது அவன் முதுகு தெரியவில்லை, குளவிதான் தெரிந்தது. அன்று நம் லயத்து ராக்கம்மா செத்துப்போனாள். மாமாவுக்குக் கண் இரண்டும் அடைத்து, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "அக்கா, பாப்பாவுக்கு எத்தனை கொட்டு?" என்றான். உனக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஆள்தான் பிறகு உன் முன்பல்லை உடைத்தான். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் நமக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒரே ஆள்தான்.

பிறகு நீ சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தாய். அந்த வருடம்தான் பண்டாரவளையில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார்கள். உயர்தரத்தில் என்ன பாடம் எடுத்தால் எங்கே போகலாம், பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வேறு எந்தக் கல்லூரி, நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றாய். எனக்கு முதலில் விளங்கவில்லை. நம் தோட்டத்துக்குத் தெரிந்த வேலை மூன்றுதான்: கொழுந்து, கொழும்புக் கடை, கெட்டிக்காரப் பிள்ளை என்றால் வாத்தியார். நீ வகுப்போடு ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்தாய். "அம்மா, எக்ஸ்ரே எடுக்கிறதுக்குன்னே படிக்கிறாங்க. நிலத்தை அளக்கிறதுக்குன்னே படிக்கிறாங்க. நம்மகிட்ட யாருமே சொல்லல!" என்றாய். யார் மேலோ பெரிய கோபத்தில் சொன்னாய். உன் அப்பா கொழும்புச் சாப்பாட்டுக் கடையில் இருந்தார், தீபாவளிக்கு வருவார். வீட்டில் நானும் நீயும்தான். அன்று நான் முடிவு செய்தேன், இந்தப் பிள்ளை எதை விரும்புகிறாளோ அதைப் படிக்கட்டும் என்று.

மாமா ஆரம்பத்திலிருந்தே முறைத்தான். சனிக்கிழமை தோறும் நீ பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் நிற்பான். வகுப்பு நடத்திய ராஜன் சாரைப் பற்றி விசாரித்தான். எந்த ஊர், யார் பிள்ளை, ஏன் சும்மா சொல்லிக் கொடுக்கிறான். "சும்மா எவனும் எதையும் குடுக்கமாட்டான் அக்கா" என்பான். நான் சிரித்தேன். பதுளையில் மூன்று நாள் தங்கி நடக்கும் முகாமுக்கு உங்களை வேன் வைத்துக் கூட்டிப் போகிறார்கள் என்று நான் சொன்ன அன்று அவன் முகம் வெளுத்துப்போனது. அதைக் கோபம் என்றுதான் நினைத்தேன். "வேனா? தங்கவும் வைக்கிறானா?" என்று கேட்டான். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் காலையை நீ வேனுக்குள் இருந்து பார்த்தாய். நான் வெளியில் நின்று பார்த்தேன். ரோடு வளைகிற கோயில் முடக்கில் வேன் நின்றது. பூனாகலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள். நீ பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாய். அப்போது கீழ்ப் பாதையிலிருந்து மாமா வந்தான். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, வேனின் முன்கண்ணாடியில் போட்டான். கண்ணாடி உடைந்து டிரைவரின் மடியில் கொட்டியது. பிள்ளைகள் அலறினார்கள். ராஜன் சார் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "அண்ணே, என்னன்னு சொல்லுங்க, பேசுவோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு சேர்த்து அவர் முகத்தில் மாமா அடித்தான். சார் விழுந்தார். விழுந்தவரின் காதிலும் கன்னத்திலும் காலால் மிதித்தான். "எத்தனை பிள்ளைய வித்திருக்க? சொல்லுடா, எத்தனை பிள்ளைய வித்திருக்க?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். சாரின் காதிலிருந்து ரத்தம் வந்து சேற்றில் ஓடியது. லயத்து ஆம்பிளைகள் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவன் கிட்டப் போகவில்லை.

நீ இறங்கிப் போய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "விடுங்க மாமா, அவரு சார், அவரு சார்!" என்றாய். அவன் திரும்பி உன் வாயில் அறைந்தான். புறங்கையால்தான் அறைந்தான், ஆனால் மூட்டை தூக்குகிற கை. பல் தெறித்ததை நான் பார்த்தேன். அப்படியே உன் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு ரோட்டில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். உன் முழங்கை இரண்டும் தாரில் உரிந்தன.

கோயில் வேலைக்கு வைத்திருந்த மண்வெட்டி ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. எடுத்தேன். கௌசி, நான் அதை யோசித்து எடுத்தேன் என்றோ யோசிக்காமல் எடுத்தேன் என்றோ என்னால் சொல்ல முடியாது. இரும்புப் பக்கம் என் கையிலும் காம்புப் பக்கம் அவன் பக்கமும் இருந்தது, அது மட்டும் கடவுள் செய்தது. பின்னாலிருந்து முழங்காலில் அடித்தேன். பச்சை விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தும் உன் சடையை விடவில்லை. இன்னொரு தடவை அதே இடத்தில் அடித்தேன். அப்போது விட்டான். விட்ட கையால் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு போனது எனக்கு அப்போது வலிக்கவேயில்லை. ஒற்றைக் கையால் மூன்றாவது தடவை அடித்தேன். அவன் மல்லாந்து விழுந்தான்.

நான் உன்னைத் தூக்கி நிறுத்தி வேனில் தள்ளினேன். சாரை டிரைவர் தூக்கி ஏற்றினார். "நான் போகலம்மா, நான் போகல" என்று ரத்தம் ஒழுக ஒழுக நீ அழுதாய். "இன்னைக்கு நீ இறங்குனா இனி எந்தக் காலத்திலயும் ஏறமாட்ட. போ!" என்று கதவை அடித்துச் சாத்தினேன். முன்கண்ணாடி இல்லாத வேன் மழையில் போனது. சாரைப் பதுளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, உனக்கு உதட்டில் தையல் போட்டு, நீ அந்த முகாமில் போய் உட்கார்ந்தாய். வீங்கின வாயோடு எழுந்து நின்று உன் பெயரையும் ஊரையும் சொன்னாயாம். பிறகு சார் என்னிடம் சொன்னார். இதுவரை உனக்குத் தெரியும்.

இனி உனக்குத் தெரியாதது. வேன் போனபிறகு மாமா ரோட்டில் கிடந்தான். அவன் கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யாரும் கிட்ட வரவில்லை. நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். செத்தாலும் சாகட்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பாசத்தில் இல்லை. அவன் வேன் போன திசையைப் பார்த்து, "போயிட்டாளா? அக்கா, ஏத்தி விட்டுட்டியா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னான்.

அவனுக்குப் பதினேழு வயதிருக்கும்போது தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹோட்டல் தொழில் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு, முடிந்ததும் சான்றிதழ் என்று மைக் வைத்துச் சொன்னார்கள். இங்கிருந்தும் வெலிமடைப் பக்கமிருந்தும் பையன்கள் ஏறினார்கள். நானே அவனுக்குத் தலை வாரி, புதுச் சட்டை போட்டு அனுப்பினேன். ஒரு வருடம் கழித்து வந்தான். ஹோட்டல் வேலை பிடிக்கவில்லை என்றான். முதுகில் தழும்பு எப்படி என்றதற்கு, லொறியில் மரப்பெட்டி சரிந்து விழுந்தது என்றான். நம்பினோம்.

ஹோட்டலும் இல்லை, பயிற்சியும் இல்லை கௌசி. கடற்கரையோரத்தில் ஒரு மீன் வாடிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். விடியும் முன்னே எழுப்பி ஐஸ் உடைக்கவும் மீன் வெட்டவும் வைத்தார்கள். வேலை முடிந்ததும் ஓர் அறையில் போட்டு வெளியில் பூட்டினார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னவனை ஈரக் கயிற்றால் அடித்தார்கள். வெலிமடைப் பையன் ஒருவன், மோகன் என்று பெயர், உன் மாமாவைவிடச் சின்னவன், அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டே இருப்பானாம். ஒரு நாள் அவன் தப்பி ஓடிப் பிடிபட்டான். எல்லாப் பையன்களையும் சுற்றி நிற்க வைத்து அவனை அடித்தார்கள். அடித்தவன் களைத்துப்போய், கயிற்றை உன் மாமா கையில் கொடுத்து, "நீ அடி, இல்லாட்டி நீ படு" என்றான். மாமா கயிற்றைக் கீழே போட்டான். அதற்கு வாங்கினதுதான் முதுகில் இருக்கிற தழும்பு. அடுத்த நாள் காலையில் மோகன் எழும்பவில்லை. வாடிக்குப் பின்னால் மணலில் குழி தோண்டியது உன் மாமாவும் இன்னொரு பையனும். "அக்கா, அவன் ரொம்ப லேசா இருந்தான். கொழுந்துக் கூடை கூட அதைவிடக் கனம்" என்றான். ஒரு புயல் காற்றில் கூரை பிய்ந்த சமயம் அவன் தப்பினான். அந்தத் தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை வெலிமடை பஸ்ஸில் ஏறினான், ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் இறங்கித் திரும்பினான்.

முறிந்த காலோடு ரோட்டில் கிடந்துகொண்டு இதைச் சொன்னான். "பாப்பாவையும் அப்படித்தானே கொண்டு போறான்" என்றான். இல்லை என்று நான் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. பிறகு பொலிஸ் வந்தது. ராஜன் சார் முறைப்பாடு கொடுத்தார், கொடுக்க வேண்டியதுதான். அவருக்கு ஒரு காதில் கேட்கும் சக்தி அன்றோடு போனது. மாமா உள்ளே இருந்துவிட்டு வந்தான். கால் கோணலாகத்தான் பொருந்தியது, மூட்டை தூக்கும் வேலை போனது. அவன் மனைவி, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் என் முகத்தில் காறித் துப்பினாள். "கூடப் பொறந்தவளா நீ? பேய்!" என்றாள். நான் துடைத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரே தோட்டத்தில் இருந்தும் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. நீ படித்தாய், பட்டம் வாங்கினாய், ராஜன் சாருக்குப் பக்கத்திலேயே போய் நின்று இன்று அதே வகுப்பை நடத்துகிறாய்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் நம் வாசலில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். உதடு பிளந்து, ஒரு கண் மூடிக் கிடந்தது. பார்த்ததும் எனக்கு நீ நிற்பது போல இருந்தது. வீட்டுக்குத் தெரியாமல்தான் உன் வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவளிடம் ஏது போன்? அவள் கொடுத்தது அப்பாவின் நம்பர். இந்த முறை இடமில்லை என்று சொல்ல உன் ஆபீசிலிருந்து வந்த அழைப்பை அவன் எடுத்திருக்கிறான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நடந்தது அதுதான். பிள்ளையைச் சுவரோடு வைத்து அடித்திருக்கிறான். அவள் அடுப்பில் கொதித்த தண்ணியைச் சட்டியோடு எடுத்து அவன் நெஞ்சில் வீசிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அழவில்லை. "அத்தை, அப்பா அடிச்சதுகூட பரவாயில்ல. கௌசி மதினி ஏன் வேணான்னு சொன்னாங்க? நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். உள்ளே கூட்டிப் போய் அவள் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். மூடுபனியில் லயம் முழுக்கக் கதவிடுக்கில் நின்று என்னைப் பார்த்தது. அவன் இஸ்தோப்புத் திண்ணையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். நெஞ்சிலும் தோளிலும் தோல் உரிந்து கொப்புளம் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஊன்றுகோலைக் கையில் எடுத்தான்.

"என்னா, மிச்சம் இருக்கிற காலையும் ஒடைக்க வந்தியா?"

"கை ஓங்குனா ஒடைப்பேன்."

"என் புள்ளைய அனுப்பு."

"அனுப்பமாட்டேன். மூஞ்சியப் பாத்தியா நீ? நீ அடிச்ச மூஞ்சிய நீயே பாத்தியா?"

அவன் கோலை ஓங்கினான். நான் நகரவில்லை. கோல் என் தோளில் விழுந்தது. வலித்தது, ஆனால் பழைய பலம் இல்லை. அதைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தேன். அவன் எழுந்து வரப் பார்த்து, கால் மடங்கி விழுந்தான். நான் தூக்கிவிடவில்லை. அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"செல்வம், மோகனை அடிச்சானே, அவன் கை எப்படி இருந்துச்சுன்னு சொல்லு" என்றேன். வேண்டுமென்றுதான் கேட்டேன். கத்தியால் குத்துகிற மாதிரி குத்தினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் என்னைக் கொன்றிருக்கலாம். அவன் மனைவி உள்ளேயிருந்து, "யாரு மோகன்?" என்றாள். இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவன் நெற்றியைச் சிமெந்துத் தரையில் இடித்துக்கொண்டான். ஒரு தடவை, இன்னொரு தடவை. ரத்தம் வந்தது. நான் என் உள்ளங்கையை நடுவில் வைத்தேன், அதன்மேலும் இடித்தான். பிறகு ஓய்ந்தான்.

நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான். "அவ போகட்டும் அக்கா. நீ கூட்டிட்டுப் போ. நான் வரமாட்டேன். வேனைப் பாத்தா என் கை என் பேச்சைக் கேக்காது. ஒன் வீட்டுலயே வச்சுக்க. நான் கூப்புட்டாலும் அனுப்பாத." பிறகு, "கௌசிகிட்டச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. மன்னிக்கச் சொல்லாத, சொல்ல மட்டும் சொல்லு" என்றான்.

இதைத்தான் நேற்றுப் போனில் சொல்ல வந்தேன்.

மாமாவை மன்னிக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. மழை நாளில் இந்தக் கையால் ஒரு குழந்தையை ஒழுங்காகத் தூக்க முடியாதபோது அவனைச் சபிக்கிறேன். அவன் பட்ட அடியைச் சொன்னது அவன் அடித்த அடியைக் கழிக்க இல்லை. பட்டவன் அடிக்கத்தான் வேண்டும் என்றிருந்தால் அன்று அந்தக் கயிற்றை அவன் கீழே போட்டிருக்கமாட்டானே. பதினேழு வயதில் முடிந்தது வளர்ந்தபிறகு முடியாமல் போனது. ஏன் என்று எனக்குப் படிப்பில்லை சொல்ல. ஒன்று மட்டும் சொல்வேன். உனக்கும் கோபம் வருகிறது, என் ரத்தம்தானே. அது யார் மேல் வருகிறது, யார் தலையில் போய் இறங்குகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள். நம் குடும்பத்தில் யாருமே அதைப் பார்த்ததில்லை.

இரண்டாவது, ராஜன் சாரிடம் கேள். காது போனது அவருக்கு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் சொல்வதற்கு மேல் எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. பவித்ராவை உறவுக்காக எடுக்காதே. மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கிற தேர்வை அவளுக்கும் வை, தேறாவிட்டால் அனுப்பிவிடு. தேறினால், யாருடைய மகள் என்பதை அவள் தலையில் கட்டாதே.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. உன் வகுப்பில் பிள்ளைகள் எப்படிப் பேச வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாய். மைக் வைத்துக்கொண்டு வருகிற வேனில் எப்படி ஏறாமல் இருப்பது என்றும் சொல்லிக் கொடுப்பாயா? இடத்தைப் போய்ப் பார்க்காமல் கிளம்பாதே, அடையாள அட்டையை எவன் கையிலும் கொடுக்காதே, பூட்டு உள்ளே இருக்கிறதா வெளியில் இருக்கிறதா பார் என்று. இப்போது வேனில் வருவதில்லை, போனிலேயே வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மோகனுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் அவன் தாய் இன்னும் பஸ் நிலையத்தில் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள். அவள் நிற்கிறாளா என்று எனக்குத் தெரியாது. நான் என்றால் நிற்பேன்.

உன் முப்பது பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டாய். மாமா வரமாட்டான் என்று என்னால் எழுதித் தர முடியாது. அவன் கையை அவனே நம்பவில்லை. என்னால் முடிந்தது இதுதான்: வகுப்பு நடக்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வந்து உங்கள் கேட்டடியில் உட்காருவேன். பிள்ளைக் காம்பராவில் சனிக்கிழமை வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். அவன் வந்தால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்ட முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நாளைக்குப் பண்டாரவளைக்குப் போகிற பள்ளிக்கூடத்து டீச்சர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பவித்ரா இரண்டு நாளாக என் பழைய சேலையைக் கிழித்துத் தனக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருக்கிறாள், வீட்டிலிருந்து உடுப்பு ஒன்றும் எடுத்து வரவில்லை. உன்னிடம் என்ன பேசுவது என்று சுவரைப் பார்த்துப் பேசிப் பழகுகிறாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருவோம். வேண்டாம் என்று முடிவு செய்தால் அது உன் உரிமை. ஆனால் போனில் சொல்லாதே, ஆபீஸ் ஆளை வைத்தும் சொல்லாதே. வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்த்து, நீயே சொல்.

குழந்தை விழித்துவிட்டது. போகிறேன்.

உன் அம்மா